பதிமூன்று மணி நேரம்

கல்லை நட்டவன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடவில்லை. அதுதான் சௌந்திரத்துக்குப் பொறுக்கவில்லை. ஆடி பிறந்து நாலு நாள். காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. குச்சிக்கிழங்குக் காட்டில் இடுப்புயரம் நின்ற மரவள்ளிச் செடிகளில் இருபது முப்பதை மிதித்துத் துவைத்துவிட்டு, கிணற்றுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவில் மஞ்சள் பெயிண்டு அடித்த சர்வே கல் ஒன்றை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கல் நட்ட இதே தாலுகா ஆபீசில் ஒரு பட்டா மாறுதலுக்கு அவள் ஒன்றரை வருஷம் நடந்திருக்கிறாள். நிலத்தைப் பிடுங்குவதென்றால் மட்டும் எங்கிருந்துதான் வருமோ இந்தச் சுறுசுறுப்பு!

இன்றைக்கு அந்தக் கல்லைச் சுற்றித்தான் களை வெட்டிக்கொண்டிருந்தாள். கூட பக்கத்துக் காட்டு மயிலம்மாள். இன்று இவள் காட்டில் இரண்டு பேரும், நாளை அவள் காட்டில் இரண்டு பேரும் என்று வருஷக்கணக்காக நடக்கிற ஏற்பாடு. ஆளுக்குச் சொல்லி ஆள் வராமல் காத்துக்கிடப்பதைவிட இது மேல்.

"கல்லுக்கிட்ட கொத்தாதக்கா. அசைஞ்சுதுன்னா கேசு போட்ருவாங்களாமா" என்றாள் மயிலம்மாள்.

"போடட்டும். என்ற காட்டுல களை வெட்ட நான் எவங்கிட்டக் கேக்கோணும்?"

"அதுக்கில்லக்கா. சர்க்காரு ரோடுங்கறாங்க. எம்பட அரை ஏக்கராவும்தான் போகுது. என்ன ரோடுன்னே எனக்கு வெளங்கல. இங்க தண்ணிக்கே வழியில்ல, கப்பல் வருதுங்கறானுக."

"கப்பல் வராது புள்ள. கப்பல்ல வர்ற கண்டெய்னர் பொட்டி வருமாமா. மேக்கால கடல்ல எறக்கி, லாரியில ஏத்தி, நம்ம காட்டு மேல ஓட்டிக் கொண்டுபோயி, கெழக்கால கடல்ல வேற கப்பல்ல ஏத்துவாங்களாமா. கப்பலு இலங்கையச் சுத்திக்கிட்டுப் போகவேண்டியதில்லையாமா."

"சுத்திப் போனா என்ன? அதுக்கு என்ன, காலா வலிக்குது?"

சௌந்திரம் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கோபமும் வந்தது. இரண்டேகால் ஏக்கரா. வானம் பார்த்த மேட்டுக்காடு. மேட்டூர்த் தண்ணீர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கல்யாணமாகி வந்த மூன்றாம் வருஷம் இந்தக் கிணற்றை வெட்டினார்கள். முப்பது அடிக்குக் கீழே ஒரே பாறை. வெடி வைத்து உடைத்த கல்லை, ஆறு மாச வயிற்றோடு கூடையில் சுமந்து மேலேற்றியவள் இவள். சித்திரையில்கூட இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடும். அந்தக் கிணற்றுக்கு மேலே பெட்டி இறக்கி ஏற்றுகிற யார்டு வரப்போகிறதாம். கிணற்றை மண் போட்டு மூடுவார்களாம்.

"வியாழக்கெழமை கல்யாண மண்டபத்துல கூட்டம். அபிப்பிராயம் கேக்கறாங்களாமா" என்றாள் மயிலம்மாள்.

"வரட்டும். எங்க ஊட்டுக்காரர் இருபத்தாறு வருசமா டிரெய்லர் ஓட்டறார். ரெண்டு கடலும் அவருக்குத் தெரியும். அவரையே பேசச் சொல்றேன். இவனுக கதைக்கு அவரு பதில் சொல்லட்டும்."

மயிலம்மாள் இரண்டு செடி தூரம் கொத்தினாள். பிறகு களைக்கொத்தைப் போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். பால் சொசைட்டியில் காலையில் எல்லாருக்கும் கொடுத்தார்களாம். காலையிலிருந்தே இடுப்பில்தான் வைத்திருந்தாள் பாவம், கொடுக்க மனசு வராமல்.

வழவழப்பான தாள். இரண்டு பக்கமும் நீலக் கடல், நடுவில் அம்பு மாதிரி ஒரு ரோடு. கீழே ஒரு படம். கழுத்து நிறைய மாலையோடு, புது டிரெய்லர் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார் அவள் புருஷன் வேலுசாமி. எட்டாவது வரை படித்தவள் சௌந்திரம். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். 'கடலிலிருந்து கடலுக்குப் பதிமூன்றே மணி நேரம்! சோதனை ஓட்டத்தில் சாதனை!'

அதற்குமேல் அவள் களை வெட்டவில்லை.

வேலுசாமி வீட்டில்தான் இருந்தார். வாரத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ வருகிற மனுஷன். குளித்துவிட்டு, கம்மஞ்சோற்றை வட்டிலில் போட்டுக்கொண்டு, கொள்ளுப் பருப்பைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தாளை வட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னங்க?"

பார்த்தார். வாய்க்குப் போன கை நின்றது. "அதான்... வைகாசியில ஓட்டுனது."

"எது? மாலையோட வந்தீங்களே, அதா? நாட்டுக்கோழி அடிச்சு ஆக்கிப் போட்டனே, அதா?"

"அதான் புள்ள."

"புது வண்டி சோதிக்கறாங்கன்னு சொன்னீங்க."

"எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாப்ல மணிமாறன்."

மணிமாறன், வேலுசாமி வண்டி ஓட்டுகிற கம்பெனியின் முதலாளி. நாற்பது டிரெய்லர் வைத்திருக்கிறான், ரோடு வந்தால் முதல் லாபம் அவனுக்குத்தான். வேலுசாமியைவிட பத்து வயது இளையவன். வாய்க்கு வாய் 'வேலண்ணா' என்பான்.

"அந்த ரோடு நம்ம காட்டு மேல வருதுன்னு அன்னைக்குத் தெரியுமா, தெரியாதா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

"சத்தியமாத் தெரியாது. ரோடுங்கற பேச்சே அன்னைக்கு இல்ல. 'வேலண்ணா, மேக்கால துறைமுகத்துல இருந்து கெழக்கால ஆர்பருக்கு எத்தன மணி நேரத்துல போவீங்க'ன்னான். பதினாறுன்னேன். 'சங்ககிரிக்காரன் ஒருத்தன் பதினாலுல போறேங்கறானே'ன்னான். எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு."

கேட்டீர்களா! நாமக்கல் பக்கத்து டிரைவரிடம் போய், சங்ககிரிக்காரன் உனக்கு முன்னால் போவான் என்று சொன்னால் போதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் வண்டி ஏறிவிடுவான். இரண்டு ஊருக்கும் நடுவில் அப்படி ஒரு ரோசம், லாரி வந்த காலத்திலிருந்து. மணிமாறனும் நாமக்கல்காரன்தானே, எங்கே தட்டினால் எங்கே திறக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

"வழியில எங்க நின்னீங்க?"

"எங்கியும் நிக்கல. ரெண்டு பன்னு, ஒரு பாட்டல் தண்ணி."

"டோல்கேட்டு?"

"தொறந்து உட்டுட்டாங்க. போலீசு ஜீப்பு முன்னால போச்சு. எல்லா வண்டியும் ஒதுங்கி நின்னுச்சு."

"ஆர்பர் கேட்டுல?"

"கொடி புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க."

"பொட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?"

வேலுசாமி சோற்றைப் பிசைந்தார். பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தார்.

"உங்களத்தான் கேக்கறனுங்க."

"சீலு போட்டிருந்துச்சு. நான் எங்க பாத்தேன்?"

"சீலு போட்டிருந்தா உங்களுக்குத் தெரியாதா? ஒரு மேடு ஏறுனாலே பஞ்சா இரும்பான்னு சொல்லிப்போடுவீங்களே! எங்கிட்டயே புளுகறீங்களா?"

அவர் வட்டிலைத் தள்ளி வைத்தார். "காலிப் பொட்டி. டிரெய்லரு பின்னால துள்ளிக்கிட்டே வந்துச்சு. மேட்டுல கியரே மாத்தல."

சௌந்திரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெளியே காற்றுக்குத் தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது.

"அட கெரகமே! காலிப் பொட்டிய இழுத்துக்கிட்டுப் போயி, மாலையும் போட்டுக்கிட்டு, கோழியும் தின்னுபோட்டு உக்காந்திருக்கறீங்களே! அந்தக் கோழிய வேற நான் பக்கத்து ஊட்டுக்கெல்லாம் குடுத்தனே!"

"எனக்கென்ன தெரியும் புள்ள? ஏதோ வெளம்பரத்துக்குன்னு நெனச்சேன். இத வெச்சு ரோடு போடுவாங்கன்னு கண்டனா? வெவரம் தெரிஞ்சவன் எவனும் இந்த ரோடு போடமாட்டான்."

"ஏன் போடமாட்டான்? சொல்லுங்க கேக்கறேன்."

"ஒரு கப்பல்ல ஆறாயிரம் பொட்டி வரும். அதை எறக்கறதுக்கே ரெண்டு நாள். ஒரு வண்டிக்கு ரெண்டு பொட்டின்னாலும் மூவாயிரம் வண்டி ஓணும். மூவாயிரம் டிரெய்லரு ஒண்ணு பின்னால ஒண்ணு நின்னா இங்கிருந்து சேலம் தாண்டி நிக்கும். அது முச்சூடும் கெழக்கால போயி மறுபடி கேட்டுல நிக்கோணும், மறுபடி எறக்கோணும், மறுபடி வேற கப்பல்ல ஏத்தோணும். அதுக்குள்ள இந்தக் கப்பலு இலங்கையச் சுத்திப் போயி, எறக்கியும் போட்டுத் திரும்பியே வந்திருக்கும். சுத்திப் போறதுக்கு ரெண்டு நாளோ மூணு நாளோ எச்சாவுது, அவ்ளோதான். டீசலுக்கும் ஆளுக்கும் ஆகற செலவுல எந்தக் கப்பக்காரன் இங்க எறக்குவான்? கிறுக்கனா அவன்?"

"இத்தன தெரியுதில்ல? இதையே வியாழக்கெழமை வந்து சொல்லுங்க."

"சொல்ல முடியாது."

"ஏன்? மணிமாறன் வண்டியில இருந்து எறக்கிப்போடுவான்னா?"

"அது கெடக்குது. வேற வண்டியே இல்லையா ஊருல?" அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தப் பதிமூணு மணி நேரத்த வெச்சுத்தான் லாரி லைன்ல என்னைய ஒரு ஆளா மதிக்கறானுக. சின்னப் பசங்கெல்லாம் வந்து கை குடுக்கறானுக. காலிப் பொட்டின்னு சொன்னா அத்தன பேரும் சிரிப்பானுகடி."

"சிரிக்கட்டும்! என்ற கெணத்த மூடறதுக்கு அவனுக சிரிக்கறது மேல்!" சௌந்திரம் கத்திய கத்தில், நின்றுகொண்டே அசைபோட்ட எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. "நீங்க வாயத் தொறக்கலைன்னா நான் தொறப்பேன். இப்பவே சொல்லிப்போட்டேன்."

வியாழக்கிழமை மண்டபத்தில் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். காட்டுக்காரர்கள் பாதி. மீதிப் பாதி மணிமாறன் வண்டி வைத்து ஏற்றி வந்திருந்த டிரைவர்கள், நாற்பது பேருக்குக் குறையாது. வேலைநாளில் சம்பளத்தோடு லீவு, கூடவே பிரியாணி. பொட்டலங்கள் பின்பக்கம் அடுக்கியிருந்தன. வாசனை மண்டபம் முழுக்க வந்துகொண்டிருந்தது. கைதட்டத்தான் இந்த உபசாரம் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். வேலுசாமி அவர்களோடு முன்வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். சௌந்திரம் மயிலம்மாளோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

மேடையில் ஓர் அதிகாரி, ஓர் இஞ்சினியர், ஓரமாக நோட்டோடு ஒரு கிளார்க். மணிமாறனுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எந்த முறையில் போட்டார்களோ, கேட்க ஆளில்லை. இஞ்சினியர் விளக்கை அணைக்கச் சொல்லி ஒரு படம் ஓட்டினார். அதில் கப்பல் வந்தது, பெட்டிகள் தாமாகவே பறந்து லாரியில் உட்கார்ந்தன, லாரிகள் ஒன்றையொன்று உரசாமல் ஓடின. ஒரு லாரியிலும் டிரைவர் இல்லை. காடு, கிணறு, எருமை, ஆள் என்று எதுவுமே அந்தப் படத்தில் இல்லை. வெறும் பச்சைப் பெயிண்டு.

"நடக்குமான்னு சிலருக்குச் சந்தேகம் இருக்கு" என்றார் இஞ்சினியர். "உங்க ஊர்க்காரரே நடத்திக் காட்டியிருக்கார். வேலுசாமி சார், மேடைக்கு வாங்க."

டிரைவர்கள் தட்டினார்கள். வேலுசாமி ஏறினார். இஞ்சினியர் மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"எத்தனை மணி நேரம் ஆச்சுங்க?"

"பதிமூணு."

மண்டபம் அதிர்ந்தது. மணிமாறன் எழுந்து நின்று தட்டினான். இஞ்சினியர் மைக்கை எடுத்துக்கொண்டார். வேலுசாமி இறங்கப் படியில் கால் வைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு, மானங்கெட்ட சிரிப்பு. அதைப் பார்த்தபோதுதான் சௌந்திரத்துக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"பொட்டிக்குள்ள என்ன இருந்துச்சுங்க?"

மைக் இல்லாமலே அவள் குரல் கடைசிச் சுவர்வரை போயிற்று. கைதட்டல் நின்றுவிட்டது.

"அம்மா, உங்க முறை வரும்போது பேசலாம்" என்றார் அதிகாரி.

"நான் உங்களக் கேக்கலீங்க. என்ற புருசனக் கேக்கறேன். ஊருக்கே சொன்னாரில்ல, பதிமூணு மணி நேரம்னு? பொட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னும் சொல்லட்டும்."

வேலுசாமி ஒரு கால் மேல்படியிலும் ஒரு கால் கீழ்ப்படியிலுமாக நின்றார். டிரைவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெற்றியில் வேர்வை கொட்டியது. சட்டைக் கையால் துடைத்தார். பிறகு திரும்பவும் மேடை ஏறினார். மைக்கைக் கேட்கவில்லை.

"காலிப் பொட்டிங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஆமாங்க. காலிப் பொட்டிய இழுத்துட்டுத்தான் மாலை போட்டுக்கிட்டேன். போலீசு முன்னால போச்சு. டோல்கேட்டு தொறந்திருந்துச்சு. ஆர்பர்ல கொடி புடிச்சாங்க."

"அப்ப அந்தப் பதிமூணு மணி நேரம் பொய்யா?" அதிகாரியின் குரல் கடுமையானது. "சோதனை ஓட்ட ரிப்போர்ட்டுல நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"பொய் இல்லீங்க. என்ற கையெழுத்துதான். பதிமூணு மணி நேரந்தான். ஒரே ஒரு பொட்டிக்கு, அதும் காலிப் பொட்டிக்கு. கப்பல்ல ஆறாயிரம் இருக்குது. மிச்சம் அஞ்சாயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தொம்போதையும் யாருங்க ஓட்டறது? அத்தனைக்கும் முன்னால ஜீப்பு போகுமா?"

மணிமாறன் முகம் கறுத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு, அப்போதும் அண்ணன் என்ற வார்த்தையை விடாமல் சொன்னான்: "வேலண்ணா, நாளைக்கு வந்து வண்டிச் சாவிய ஆபீசுல குடுத்துருங்க."

"நாளைக்கு என்னத்துக்கு?" வேலுசாமி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவன் முன்னால் மேஜையில் வைத்தார்.

சௌந்திரம் அதற்குள் டிரைவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய்விட்டாள். பாதிப் பேர் அவள் வீட்டில் ஒருவாயாவது சாப்பிட்டவர்கள்.

"மாரியப்பா! போன தடவ மேக்கால போனியே, ஆர்பர் கேட்டுக்கு வெளிய எத்தன நாள் கெடந்த?"

மாரியப்பன் மேடையைப் பார்த்தான். முதலாளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் எதை வேண்டுமானாலும் வாய்க்குள் போட்டு மூடிக்கொள்வான். கேட்டுக்கு வெளியே கிடந்த கதையை மட்டும் அவனால் அடக்க முடியாது. டீக்கடையில், டயர்க்கடையில், கல்யாணத்தில், எழவில்கூட அதைத்தான் பேசுவான்.

"மூணு நாள், அக்கா."

"எனக்கு நாலு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அஞ்சுங்க! மழையில. சோறாக்கக் காஞ்ச எடமில்லாம, வண்டிக்கடியில படுத்துக் கெடந்தேன்."

"கெழக்கால மட்டும் என்ன வாழுது? எறக்கறதுக்கு மூணு நாள்!"

"என்ற தம்பி செத்ததுக்கே வரமுடியாம கேட்டுல மாட்டிக்கிட்டேனுங்க!"

ஆளாளுக்கு எழுந்தார்கள். இத்தனை வருஷத்து எரிச்சலும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. இஞ்சினியர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "அமைதி! இது சம்பந்தமில்லாத பேச்சு! நிலத்துக்கு இழப்பீடு சம்பந்தமா மட்டும் பேசுங்க!" என்று அதிகாரி கத்தினார். யார் கேட்டார்கள்?

கடைசியில் சத்தம் தானாக அடங்கியபோது அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டில் எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னார். கிளார்க் எழுந்து, ஒரே மூச்சில் படித்தார்:

"சோதனை ஓட்டத்தில் பதிமூன்று மணி நேரத்தில் கடந்ததை ஓட்டுநர் திரு. வேலுசாமி நேரில் உறுதி செய்தார். நில உரிமையாளர்களின் கருத்துகள் கேட்டறியப்பட்டன. கூட்டம் இனிது முடிவுற்றது."

இனிதாம்! சௌந்திரம் மேடை ஏறினாள். யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நின்றிருக்க மாட்டாள். கிளார்க் மூடப்போன நோட்டின் நடுவில், களைக்கொத்துப் பிடித்துக் காய்ப்பேறிய கையை விரித்து அழுத்தினாள்.

"மிச்சத்தையும் எழுதுங்க."

"அவ்ளோதாம்மா. அந்தப் பக்கத்துல எடமில்ல."

"அடுத்த பக்கம் வெள்ளையாத்தான கெடக்குது? காலிப் பொட்டின்னு மொதல்ல எழுதுங்க."

கிளார்க் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரியின் கார் வெளியே ஓடிக்கொண்டே நின்றது. அவர் இரண்டடி நடந்தார். வாசலில் டிரைவர்கள் அடைத்து நின்றார்கள். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை, வழியும் விடவில்லை. அவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையை ஆட்டி, எழுது என்று காட்டினார்.

கிளார்க் எழுதினார். சௌந்திரம் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். காலிப் பெட்டி எழுதியாயிற்று. ஜீப் எழுதியாயிற்று. டோல்கேட் எழுதியாயிற்று.

"போதுமாம்மா?" கிளார்க் பேனாவை மூடினார்.

"அதுக்குள்ளயா? நாப்பது பேரு இருக்கறாங்க. ஒவ்வொருத்தரும் எந்தக் கேட்டுல எத்தன நாள் கெடந்தாங்கன்னு பேரோட எழுதோணும்." சௌந்திரம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "மாரியப்பா, நீ மொதல்ல வா சாமி."

மாரியப்பன் முதலாளியைப் பார்க்காமல் மேடை ஏறினான். அவனுக்குப் பின்னால் படியில் இன்னும் நாலு பேர் நின்றார்கள்.